இரட்டைச் சிலிண்டரும் கடை முதலும்

மூத்த மகன் சுசுகி வி-ஸ்ட்ரோம் 650 வாங்க நிற்கிறான். இரட்டைச் சிலிண்டர், 645 சீசீ, எடை இருநூறு கிலோவுக்கு மேல். "வாப்பா, உங்கட ஹீரோ ஹொண்டா கிழவனாகிப் போச்சு" என்று சிரிக்கிறான்.

அந்தக் கிழவன் ஒற்றைச் சிலிண்டர், 97 சீசீதான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை, பிஸ்கட் பெட்டிகளோடு அதைப் படகுப்பாதையில் ஏற்றித்தான் கொக்கட்டிச்சோலைக் கடைகளுக்குப் போய் வந்தேன். 2022இல் கியூஆருக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் தந்த காலத்திலும் படுவான்கரையில் ஒரு கடையையும் விடவில்லை. பெரிய வண்டிக்கு அந்த 4 லீற்றரில் நூறு கிலோமீற்றர் ஓடினாலே பெரிய காரியம்.

ஆசை குற்றமில்லை. கல்லடிப் பாலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் நானும் திரும்பிப் பார்க்கிறவன்தான். ஆனால் வியாபாரச் சகோதரர்களே, நாம் வண்டி மாற்றினால் ஊரே கணக்குப் பார்க்கும். கடனுக்குச் சரக்குத் தரும் கொழும்புக்காரர், "என் காசில் ஓடுகிறார்" என்பார். நமக்குத் தர வேண்டியவரோ, "இவருக்கென்ன அவசரம்" என்று அடுத்த மாதம் வரச் சொல்வார்.

மகனிடம் சொல்லிவிட்டேன்: கடை முதலில் கை வைக்காதே, லீசிங்கும் வேண்டாம். இலாபத்தில் உன் பங்கை இரண்டு வருடம் சேர்த்து வாங்கு. படுவான்கரைக்குச் சரக்குக் கொண்டு போகக் கிழவனே போதும்.

அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.