விதை பெயரா? வினையா?

"ஆங்கிலத்தின் அருமையே அருமை! 'வாட்டர்' என்றால் தண்ணீர். தண்ணீர் ஊற்றுவதும் 'வாட்டர்' தான். 'புக்' என்றால் நூல். முன்பதிவு செய்வதும் 'புக்' தான். ஒரே சொல் பெயராக நிற்கும், வினையாக நடக்கும். தமிழில் உண்டோ இந்த வளம்?"

தருமபுரிச் சீமையிலே, சிற்றூர்ப் பள்ளியொன்றிலே, ஆசிரியர் ஒருவர் மாணவர் முன்னிலையில் உதிர்த்த வாசகம் இது. கேட்டிருந்த பிள்ளைகள் யார்? கேழ்வரகுக் கொல்லையிலும் மாந்தோப்பிலும் பாடுபடுவோர் பெற்ற பிள்ளைகள். தம் குடும்பத்தில் முதன்முதலாக ஏடெடுத்தவர்கள். தாய் பேசும் மொழி ஏழை மொழி என்று கேட்டதும் தலை குனிந்தனர். குனிந்த அந்தத் தலைகளை நிமிர்த்தவே இதனை எழுதுகிறோம்.

கொல்லைக்கே வாருங்கள், தோழர்களே! மடியில் முடிந்து வைத்திருப்பது விதை. "விதை!" என்று தந்தை மகனை ஏவினால், அதே சொல் வினை. மண்ணைப் பிளந்து வருவது முளை. வந்த செயலைச் சொன்னால் முளைத்தது. தளிர், தளிர்த்தது. அரும்பு, அரும்பியது. மலர், மலர்ந்தது. காய், காய்த்தது. கனி, கனிந்தது. விதை முதல் கனி வரை ஒரு மரத்தின் வாழ்வு முழுவதையும், பெயரும் வினையுமாய் விளங்கும் ஏழே சொற்களில் சொல்லிவிடுகிறான் எழுத்தறியா உழவன். அவனிடமா வளமில்லை?

கொல்லையில் மட்டுமா? அடி, வெட்டு, கட்டு, பூட்டு என்று பட்டியல் நீளும். 'முதனிலைத் தொழிற்பெயர்' என்று இதற்கு இலக்கணத்தார் பெயரும் இட்டனர். சுடு என்பது சூடு ஆவதும், கெடு என்பது கேடு ஆவதும் 'முதனிலை திரிந்த தொழிற்பெயர்'. 'உழுதான்' வினைமுற்று, 'உழுதானைக் கேள்' என்றாலோ, அதுவே உழுத ஆளைச் சுட்டும் வினையாலணையும் பெயர். பள்ளித் தமிழ்ப் பாடநூலில் அச்சாகியுள்ள செய்திகள்தாம் இவை! மனப்பாடம் செய்யச் சொல்கிறோம், மதிப்பெண் இடுகிறோம், மணி அடித்ததும் மறுவகுப்பிலே "தமிழில் உண்டோ?" என்று கேட்கிறோம். இதனினும் பெரிய கேலிக்கூத்து வேறு உண்டோ?

ஆங்கிலத்திற்கு இந்த இயல்பு எவ்வாறு வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'லுஃபு' என்றால் அன்பு. 'லுஃபியன்' என்றால் அன்பு செலுத்துதல். பெயருக்கு ஓர் ஈறு, வினைக்கு வேறோர் ஈறு. நூற்றாண்டுகள் உருண்டன, ஈறுகள் தேய்ந்தன, இரண்டும் 'லவ்' என ஒன்றாயின. இன்று அது பெயரா வினையா என்பதைப் பெரிதும் சொல் நிற்கும் இடமே காட்டுகிறது. தமிழிலோ ஈறு காட்டுகிறது: மலரை என்றால் பெயர், மலர்ந்தது என்றால் வினை. வழி வேறு, அவ்வளவே. இதில் ஆண்டான் மொழி எது, அடிமை மொழி எது?

ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். பெயரை வினையாக்குவதில் ஆங்கிலத்தின் கை தாராளமானது. 'கூகுள்' எனும் நிறுவனப் பெயர் வினையாகி, 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. நாம் எல்லாப் பெயரையும் அப்படி ஆக்கிவிட முடியாது. "எல்லாம் எம்மிடமிருந்து போனதே" என்று ஆராயாமல் மார்தட்டுவதும் மூடநம்பிக்கையே. தாழ்வு மனப்பான்மைக்கு மருந்து தற்பெருமையன்று, ஆராய்ச்சி.

ஆனால் உள்ள வினைகளையும் நாம் என்ன செய்கிறோம்? 'டிரைவ் பண்ணினான்', 'வாஷ் பண்ணினாள்', 'குக் பண்ணினார்கள்'! ஆங்கிலத்தில் வினையாய் ஓடிய சொல்லைப் பிடித்து, பெயராக்கி முடக்கி, 'பண்ணு' எனும் ஊன்றுகோலைக் கையில் கொடுக்கிறோம். ஓட்டினான், துவைத்தாள், சமைத்தார்கள் என்ற திடமான கால்கள் இருக்க, ஊன்றுகோல் ஏன்? இது தமிழருக்கு மட்டும் உற்ற நோயன்று. நம் எல்லைப்புறத்தில் ஒலிக்கும் கன்னடமும் தெலுங்கும் 'மாடு' என்றும் 'சேய்' என்றும் இதே ஊன்றுகோலைப் பிடிக்கின்றன. வடசொல்லை வாங்கிய நாளிலோ, 'யோசி', 'நேசி' என்று வினையாக்கித் தமிழ் ஈற்றைப் பூட்டினர் நம் முன்னோர். அன்று வந்த சொல் நமக்குப் பணிந்தது. இன்று வந்த சொல்லுக்கு நாம் பணிகிறோம். புதுப்பொருளோடு புதுச்சொல் வரட்டும், வரவேற்போம். துவைப்பதும் சமைப்பதுமா நமக்குப் புதுப்பொருள்?

ஆங்கிலம் வேண்டாம் என்பதன்று நம் வாதம். அதனை நன்றாகக் கற்பதற்கே இந்த வழியைச் சொல்கிறோம். நம் வகுப்பில் செய்தும் பார்த்தோம். கரும்பலகையில் முதலில் 'விதை' என்று எழுதினோம். "இது பெயரா, வினையா?" என்று கேட்டோம். கடைசி வரிசையிலிருந்து எழுந்தான் ஒரு சிறுவன்: "ஐயா, கையில் இருந்தால் பெயர், மண்ணில் போட்டால் வினை!" அடுத்து 'வாட்டர்' என்று எழுதினோம். விளக்கம் தேவைப்படவில்லை, பிள்ளைகளே சொல்லிவிட்டனர்.

ஆசிரியத் தோழர்களே! தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்வதே கல்வி. தாய்மொழியை இழித்துரைத்து ஒரு பிள்ளைக்கும் பிறமொழி வந்ததில்லை. நாளை வகுப்பறையில் நுழையும்போது அந்தச் சிறுவனின் விடையை நினையுங்கள். சொல் நம் கையில் இருக்கிறது. மண்ணில் போடுவோம்!