கேள்வி கேட்பது மூடநம்பிக்கையா?

"விஞ்ஞானத்தின் விரோதிகள்! வளர்ச்சிக்கு வேலி கட்டுவோர்!" வயலில் துளையிட வருவோரை வழிமறித்து, 'என்ன செய்யப் போகிறீர்?' என்று கேட்கும் உழவனுக்கு இன்று சூட்டப்படும் பட்டங்கள் இவை. சூட்டுவோர் படித்த கனவான்கள். பட்டணத்திலே அமர்ந்து நாட்டின் எரிபொருள் பஞ்சத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவோர். அவர்கள் வீசும் இந்தப் பழிச்சொல், பிறரைக் காட்டிலும் பகுத்தறிவாளராகிய நம்மை அதிகமாகத் தைக்கவேண்டும். மூடநம்பிக்கையை முறியடிக்கப் புறப்பட்டவர்கள் நாம். விஞ்ஞானத்தை வீடுதோறும் சேர்ப்போம் என்று மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். அந்த நாமே இயந்திரத்தைக் கண்டு அஞ்சுகிறோமா? அல்லது இயந்திரத்தின் பெயரால் ஏய்க்க வருவோரை அடையாளம் கண்டுகொண்டோமா? விடை கூறவேண்டிய கடமை நமக்குண்டு.

கெடிலக் கரையிலுள்ள திருவதிகைக்குப் புராணம் ஒன்று உண்டு. சிவபெருமான் சிரித்தே மூன்று புரங்களை எரித்தாராம். அந்த வீரச்செயல் நடந்த இடம் இதுவாம். "எரிந்த ஊர்களில் இருந்த மக்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டால், "அசுரர்களுக்காகவா அழுகிறாய்?" என்பார் புராணிகர். இன்று புராணிகரின் இடத்திலே பொருளாதார நிபுணர் வந்து நிற்கிறார். "ஊரின் நீர் கெட்டால் மக்கள் என் செய்வர்?" என்று கேட்டால், "நாட்டு நலனுக்கா குறுக்கே நிற்கிறாய்?" என்கிறார். ஆள் மாறினார், பேச்சு மாறிற்று. கேள்வியை அடக்கும் முறை மட்டும் மாறவில்லை.

பொருளை முதலில் விளங்கிக்கொள்வோம். ஷேல் என்பது களிமண் இறுகி உண்டான அடுக்குப் பாறை. பல நூறு அடியல்ல, பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் கிடப்பது. அதன் நுண்ணிய இடுக்குகளிலே எரிவாயு சிறைப்பட்டிருக்கிறது. சாதாரண எரிவாயுக் கிணற்றில் துளையிட்டால் வாயு தானே மேலெழும். ஷேலில் அவ்வாறு எழாது. ஆகவே செங்குத்தாக இறங்கிய துளையைப் பாறையின் ஊடே படுக்கையாகத் திருப்பி, நீரும் மணலும் இரசாயனமும் கலந்த கலவையைக் கடும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். இதுவே நீரியல் விரிசல். கிணறு ஒன்றுக்கு இலட்சக்கணக்கிலிருந்து கோடிக்கணக்கான லிட்டர் வரை நீர் தேவைப்படும். செலுத்திய நீரில் ஒரு பகுதி மேலே திரும்பி வரும்போது, ஆழத்திலுள்ள உப்பையும் உலோகங்களையும், சில இடங்களில் இயற்கையான கதிரியக்கப் பொருள்களையும் கூடவே கொணர்கிறது.

பிளந்த பாறை நேரே நம் கிணற்றடிக்கு வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், அது மிகை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. குழாயைச் சுற்றிய சிமெண்ட் உறை பழுதுபடலாம். கழிவுநீர் தேக்கிய குட்டை உடையலாம். அந்நீரை ஏற்றிச் செல்லும் லாரி வாய்க்காலில் கவிழலாம். அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுநாள் ஆராய்ந்து 2016 டிசம்பரில் வெளியிட்ட முடிவு, இத்தொழில் சில சூழ்நிலைகளில் குடிநீர் வளத்தைப் பாதிக்கக்கூடும் என்பதே. சொன்னவர் புராணிகர் அல்லர், விஞ்ஞானிகள்!

"அமெரிக்காவைப் பார்! ஷேல் வாயுவால் செழித்ததே!" என்பர். பார்ப்போம், முழுவதையும் பார்ப்போம். அங்கே நிலத்தடியிலுள்ள கனிமம் பல இடங்களில் தனியாருக்கே சொந்தம். நிலத்துக்குரியவன் வாயுவின் விலையில் பங்கு பெறுகிறான். இங்கே உழவனுக்கு மிஞ்சுவது இழப்பீடு மட்டுமே. பரந்த புல்வெளி அங்கே. பத்தடிக்கு ஒரு வரப்பு இங்கே. அந்த அமெரிக்காவிலேயே, 2005 ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம் நீரியல் விரிசலுக்குக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து பெரும்பாலும் விலக்களித்தது. தொழில் வளர்ந்தது சட்டத்தை மதித்தன்று, சட்டத்தை விலக்கிவைத்து! நியூயார்க் மாநிலம் 2014 இல் 'வேண்டாம்' என முடிவெடுத்தது. பிரான்சு நாடு 2011 இலேயே தடை செய்தது. இங்கிலாந்து, நில அதிர்வுகளைக் கண்டபின் 2019 நவம்பரில் நிறுத்திவைத்தது. விஞ்ஞானம் பிறந்து வளர்ந்த நாடுகள் இவை. இவர்களும் விஞ்ஞானத்தின் விரோதிகளோ?

இனி நம் நாட்டுச் சட்டத்தின் கதை. 2013 இல் மத்திய அரசு ஷேல் வாயுக் கொள்கையை வெளியிட்டது. 2016 இல் வந்த புதிய உரிமக் கொள்கை, எல்லா வகை ஹைட்ரோகார்பனுக்கும் ஒரே உரிமம் என்றது. எண்ணெய் எடுக்க வந்தவன் அதே தாளை வைத்துக்கொண்டு மீத்தேனும் எடுக்கலாம், ஷேல் வாயுவும் எடுக்கலாம். 'ஹைட்ரோகார்பன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளே எத்தனை துளைகள் ஒளிந்திருக்கின்றன என்பதை ஊரார் அறிய வழியில்லை. 2018 அக்டோபரில் இக்கொள்கையின்படி நாடெங்கும் 55 வட்டாரங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் 41 வேதாந்தா நிறுவனத்தின் பங்குக்கு! தமிழகக் கரையோர வட்டாரங்களும் அவற்றுள் அடக்கம்.

2020 ஜனவரி 16 அன்று மற்றுமோர் அறிவிக்கை. எண்ணெய், எரிவாயு தேடித் துளையிடும் ஆய்வுப்பணியை 'பி2' என்ற பிரிவுக்கு மாற்றினார்கள். அதன் பொருளென்ன? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டியதில்லை. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டியதில்லை! பிறகு 2025 இல், 1948 ஆம் ஆண்டு எண்ணெய் வயல்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஷேல் வாயுவையும் சட்டத்தின் வரையறைக்குள் கொணர்ந்தார்கள், நன்று. ஆனால் விதியை மீறியோருக்கு இருந்த சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு, அபராதம் கட்டினால் போதும் என்றாக்கினார்கள். கோடிகளை வாரும் நிறுவனத்துக்கு இலட்சங்களில் அபராதம் என்பது தண்டனையா? தொழிற்செலவுக் கணக்கில் மற்றொரு வரி!

பள்ளியில் பாடம் சொல்பவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். மாணவன் தன் விடைத்தாளைத் திருத்த ஆசிரியரைத் தானே பிடித்துவந்து, கூலியும் தானே கொடுத்தால், அந்த மதிப்பெண்ணை எவரேனும் நம்புவரோ? பெருந்திட்டங்களுக்குரிய சுற்றுச்சூழல் அறிக்கையை எழுதும் ஆலோசகருக்குப் பணம் கொடுப்பது திட்டத்தைக் கொணரும் நிறுவனமே. அந்த அறிக்கையில் உள்ளதையும் இல்லாததையும் எடுத்துக்காட்ட ஊராருக்கிருந்த ஒரே மேடை மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆய்வுப்பணிக்கு அந்த மேடையையும் கலைத்துவிட்டார்கள். கேள்வி கேட்கும் இடத்தை மூடிவிட்டு, "கேளாமல் நம்பு" என்கிறார்கள். கேளாமல் நம்புவதற்குப் பெயர் விஞ்ஞானமா, பக்தியா?

"எரிபொருள் பாதுகாப்பு வேண்டாமா?" என்று கேட்பர். வேண்டும். கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேலும், இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழப் பாதியும் அயல்நாடுகளிலிருந்து வருகின்றன. எங்கோ போர் மூண்டால் இங்கே அடுப்பு அணையும் நிலை. இதை மறுப்பவன் மடையன். ஆனால் ஷேல் வாயு இந்தப் பஞ்சத்தைத் தீர்த்துவிடும் என்பதற்கு அத்தாட்சி எங்கே? மேற்கு வங்கத்தில் துர்காப்பூர் அருகே ஷேல் பாறையிலிருந்து வாயு வெளிப்பட்டதென 2011 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி. அறிவித்தது. அதன்பின் ஆண்டுகள் பல உருண்டன; வணிக அளவில் ஷேல் வாயு வரக் காணோம். வராத வாயுவுக்காக வரும் நெல்லைப் பணயம் வைப்பதா? காற்றாலை மின்னாற்றலில் தமிழகத்தின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 இலேயே எழுந்தது. காற்று ஓயும், கதிரவன் மறைவான், ஆகையால் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் ஏற்பாடும் வேண்டும் என்பது உண்மை. அந்த ஏற்பாட்டுக்கு மூளையைச் செலவிடுவதும் விஞ்ஞானந்தானே! சோற்றுப் பாதுகாப்பை இழந்து பெறும் எரிபொருள் பாதுகாப்பு, உலையில்லாத வீட்டிலே மூட்டிய அடுப்பு.

கடலூர் மாவட்டத்துக்கு இவை ஏட்டுப் பாடங்கள் அல்ல. நெய்வேலி நமக்கு அண்டை. 1956 இல் நிறுவனம் பிறந்தது. நிலம் கொடுத்தவன் வீட்டில் நெடுநாள் கழித்தே விளக்கெரிந்தாலும், நாட்டுக்கு ஒளி கிடைத்தது. அதை நாம் இகழவில்லை. ஆனால் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கம் நடக்கும். முன்பு தானே பொங்கிய நீரை இன்று ஆழ்துளை மோட்டார்கள் தேடி இறங்குகின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர்பிடிக்க நின்ற பயிரின்மேல் கால்வாய் வெட்டும் இயந்திரம் இறங்கியதை நாடே கண்டது. 'நிலம் முன்பே கையகப்படுத்தியது' என்றது நிறுவனம். 'அறுவடைவரை பொறுக்கலாகாதா?' என்றனர் மக்கள். உப்பனாற்றங்கரை சிப்காட் வட்டாரத்தில் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு என்று 2007 இல் நீரி ஆய்வு சொல்லிற்று. விதிகள் அன்றும் இருந்தன; வாரியமும் இருந்தது. தாளில் இருந்த கட்டுப்பாடு காற்றில் இல்லை!

காவிரிப் படுகை மக்கள் கற்றதும் போராடித்தான். மீத்தேன் திட்டத்துக்கு 2011 ஜனவரியில் தி.மு.க. ஆட்சி கையெழுத்திட்டது, எதிர்ப்பு மூண்டபின் 2013 இல் அ.தி.மு.க. ஆட்சி நிறுத்திவைத்து, 2015 இல் தடை செய்தது. 2017 இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் எழுந்து நின்றன. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் ஷேல் வாயுவைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. பாராட்டுவோம்! ஆனால் படித்துவிட்டுப் பாராட்டுவோம். ஏற்கெனவே நடக்கும் பணிகளை அது தொடாது. கடலூர் மாவட்டத்தில் அதன் நிழல் விழுவது காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்களின்மேல் மட்டுமே. பண்ணுருட்டி இல்லை, திருவதிகை இல்லை, குறிஞ்சிப்பாடி இல்லை.

ஒன்றியத்தின் எல்லையை வரைபடத்திலே வரையலாம். நீரூற்றின்மேல் வரைய முடியுமா? பலாவும் முந்திரியும் செழிக்கும் செம்மண் மேட்டில் பெய்யும் மழை, கடலூர் மணற்கல் அடுக்கில் இறங்கி, கிழக்கு நோக்கித் தாழ்ந்த நிலத்துக்கு அடியே நகர்கிறது. மேட்டில் நஞ்சு கலந்தால், பள்ளத்திலுள்ள பாதுகாக்கப்பட்ட மண்டலம் அதைப் பாதுகாப்பாகப் பருகும்! மண்டலத்துக்கு வெளியே நடப்பதென்ன என்பதை 2025 காட்டிவிட்டது. இராமநாதபுரம் வட்டாரத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி வழங்கியது. செய்தி வெளிவந்து எதிர்ப்பு எழுந்த பிறகே, அதைத் திரும்பப் பெறுமாறு தமிழக அரசு பணித்தது. செய்தி வெளிவராதிருந்தால்?

திருவதிகையில் இன்று துளைக்கருவி ஏதும் நிற்கவில்லை. "பிறகு ஏன் இந்தக் கூச்சல்?" என்பர் சிலர். நிற்காதபோதே பேசவேண்டும், நின்றபின் பேசுவதற்கு வழக்கும் சிறையுமே மேடை.

தோழர்களே! நமக்கும் ஒரு கடமை உண்டு. மேடையில் பொய் பேசாதிருப்போம். 'நாளையே பாலைவனம்' என்று பயமுறுத்துவது நம் வேலையன்று. அது சோதிடனின் தொழில். சட்டத்தைப் படிப்போம், அறிவிக்கையைப் படிப்போம், ஊர்க் கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதித்துக் குறித்துவைப்போம். நாளை ஒரு நிறுவனம் 'நீர் முன்பே கெட்டிருந்தது' என்று சொன்னால், முகத்துக்கு நேரே நீட்ட நம்மிடம் ஏடு இருக்கவேண்டும்.

கேட்பன நான்கு. வேளாண் மண்டலத்தைக் கடலூர் மாவட்டம் முழுமைக்கும் விரி! ஆய்வுக் கிணற்றுக்கும் மக்கள் கருத்துக் கேட்பை மீட்டுத் தா! எந்தக் கிணற்றில் எந்த இரசாயனம் செலுத்தப்படுகிறது என்பதை ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதிவை! நீரைச் சோதிப்பவன் நிறுவனத்திடம் கூலி வாங்காதவனாக இருக்கட்டும்!

நிலமும் நீரும் வேளாண்மையும் மாநிலத்தின் பட்டியலில். நிலத்தடி எண்ணெயும் வாயுவும் மத்திய அரசின் பட்டியலில். மேலே நாம், அடியிலே டில்லி! மேலே வாழ்பவனைக் கேளாமல் அடியிலே துளையிடும் உரிமை எந்த மக்களாட்சிக்கும் இல்லை. ஆகவே கேட்போம். கிராம சபையிலே கேட்போம், சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்போம், நீதிமன்றத்திலே கேட்போம். விடை வரும்வரை, துளைக்கருவி வரப்பைத் தாண்ட விடோம்!