பஞ்சாமிர்தத்தில் மாத்திரையா? ஒரு வதந்தி ஜனநாயகத்தை என்ன செய்யும்?

பழனி பஞ்சாமிர்தத்தில் என்னென்ன சேரும் என்பது திண்டுக்கல் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மலை வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். கூடவே பேரீச்சம்பழம், கற்கண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தமிழகக் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

2024 செப்டம்பரில் இந்தப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்தது: கருத்தடை மாத்திரை. சேர்ந்த இடம் கோயில் மடப்பள்ளி இல்லை, ஒரு யூடியூப் பேட்டி. திரைப்பட இயக்குநர் மோகன் ஜி, தான் கேள்விப்பட்டதாகச் சொன்ன ஒரு விஷயம் அது. ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. ஆனால் அந்தத் துண்டு வீடியோ போன் போனாகச் சுற்றியது.

‘பொய்த் தகவல் ஜனநாயகத்துக்கு ஆபத்து’ என்று கருத்தரங்குகளில் பேசும்போது பெரும்பாலும் அமெரிக்கத் தேர்தலும் ரஷ்யாவும் உதாரணமாக வரும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பழனி அடிவாரத்திலேயே முழுப் பாடமும் இருக்கிறது.

முதல்ல நடந்தது என்ன?

2024 செப்டம்பர் 18 அன்று ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, முந்தைய ஆட்சிக் காலத்தில் திருப்பதி லட்டுக்கு வாங்கிய நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்ததாகக் குற்றம்சாட்டினார். பேச்சு அடிபட்ட நெய்யை அனுப்பியது திண்டுக்கல்லைச் சேர்ந்த ஏ.ஆர். டெய்ரி. அந்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. குஜராத்தின் ஆனந்த் நகரில் உள்ள தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகம் கொடுத்த அறிக்கைதான் குற்றச்சாட்டுக்கு ஆதாரம். அதே அறிக்கையில், சில சூழ்நிலைகளில் இந்தச் சோதனை தவறான முடிவைக் காட்டலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. மாட்டுக்குக் கொடுத்த தீவனம், அதன் உடல்நிலை போன்ற காரணங்களாலும் அளவு மாறிக் காட்டும். அந்தப் பகுதியை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்ணவில்லை.

இதுவரை இருந்தது ஒரு நியாயமான கேள்வி. கோயிலுக்கு வாங்கிய நெய் சுத்தமானதா, இல்லையா? பக்தர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். செப்டம்பர் 30 அன்று இந்த விவகாரத்தை விசாரித்த உச்ச நீதிமன்றம், கடவுளையாவது அரசியலிலிருந்து தள்ளி வைக்கக் கூடாதா என்று கேட்டது. அக்டோபர் 4 அன்று சிபிஐ, ஆந்திர காவல்துறை, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றிலிருந்து ஐந்து பேர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2025 பிப்ரவரியில் நான்கு பேரைக் கைது செய்தது. திண்டுக்கல் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரும் அவர்களில் ஒருவர். குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். எப்படியும், கேள்வி போக வேண்டிய வழியில் போனது.

பழனி கதை வேறு. நாயுடு பேசிய சில நாட்களிலேயே, அதே நிறுவனம்தான் பழனி கோயிலுக்கும் நெய் கொடுக்கிறது என்ற பதிவுகள் பரவின. ஊர் திண்டுக்கல், கோயிலும் திண்டுக்கல் மாவட்டத்தில். ரெண்டையும் முடிச்சுப் போட அது போதுமானதாக இருந்தது. பழனிக்கு நெய் வருவது ஆவினிலிருந்து என்று தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகமும் அறநிலையத் துறையும் விளக்கம் கொடுத்தன. அந்த விளக்கம் போய்ச் சேருவதற்குள் மாத்திரைப் பேச்சும் வந்துவிட்டது.

நம்பினால்தான் ஆபத்தா?

இந்த இடத்தில் சந்தேகப்படுகிறவர்களின் வாதத்தையும் கேட்டுவிடலாம். அவர்கள் சொல்வது: பொய்த் தகவல் பற்றிய பயமே மிகை, ஜனங்கள் அவ்வளவு ஏமாளிகள் இல்லை. இதற்கு ஆதாரமும் உண்டு. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ரஷ்யாவின் போலி ட்விட்டர் கணக்குகள் போட்ட பதிவுகளைப் பற்றி 2023இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அந்தப் பதிவுகளைப் பார்த்த மொத்தக் கணக்கில் 70 சதவீதம் வெறும் 1 சதவீதப் பயனர்களுக்குள் அடங்கிவிட்டது. அவற்றைப் பார்த்ததால் யாருடைய ஓட்டும் மாறியதாகத் தெரியவில்லை.

பழனிக்கும் இது பொருந்தும். தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகக் கால் கொப்பளிக்க நடந்து வருகிறவர் ஒரு யூடியூப் பேட்டிக்காகப் பஞ்சாமிர்தம் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படிப்பட்ட ஒன்று வந்தால் என்ன நடக்கிறது என்று கவனித்தால், சிக்கல் வேறு இடத்தில் இருப்பது புரியும். “இது உண்மை” என்று யாரும் சொல்வதில்லை. “நெருப்பில்லாம புகையுமா?” என்பார்கள். மறுப்பைக் காட்டினால், “கவர்ன்மென்ட் அப்படித்தான் சொல்லும்.” ஆய்வக அறிக்கையைக் காட்டினால், “அதையும் காசு கொடுத்து வாங்கலாம்.” பேச்சு அத்தோடு முடிந்துபோகும், அடுத்து ஒரு குட்மார்னிங் படம் வரும். மாத்திரை கலந்ததாக அந்தக் குரூப்பில் ஒருவர்கூட நம்பியிருக்க மாட்டார். ஆனால் எதைக் காட்டினால் இந்தக் கேள்வி தீரும் என்பதில் அவர்களுக்குள் உடன்பாடே இல்லாமல் போய்விட்டது.

ஜனநாயகத்தில் சண்டை சகஜம். விலைவாசி ஏறியதா, ரோடு போட்ட காசு எங்கே, நெய் டெண்டரை யாருக்குக் கொடுத்தார்கள் என்று அடித்துக்கொள்ளலாம். ஒரு கட்டத்தில் கணக்கையும் சோதனை முடிவையும் இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டால்தான் அந்தச் சண்டை முடியும். அந்த ஏற்பு போன பிறகு, உண்மையான புகாரும் பொய்ப் புகாரும் ஒரே எடைக்கு வந்துவிடும். இதில் அதிகம் பயனடைகிறவர் நிஜமாகவே தப்பு செய்தவர்தான். நாளை ஒரு கோயிலில் நிஜமாகவே கலப்பட நெய் பிடிபட்டால், “போன தடவை மாத்திரைன்னு சொன்னீங்களே, அதே மாதிரிதான் இதுவும்” என்று அவர் கையை உதறிவிட்டுப் போகலாம்.

பயம் மட்டும் போதும்

சில நேரம் பொய் இவ்வளவு மெதுவாக வேலை செய்வதில்லை. 2018 மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பத்தில் 65 வயதுப் பெண்ணொருவர் ஊர்க் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அதற்கு முன்பே அந்தப் பகுதியில் பரவியிருந்தது. கூட்டம் கூடி அவரை அடித்தே கொன்றது. நாட்டின் பல மாநிலங்களிலும் அந்தக் கோடையில் இப்படிக் கொலைகள் நடந்தன. அதன் பிறகுதான், 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்று போனில் அந்த வரம்பு குறுக்கே வரும்போது எரிச்சல்படுகிறவர்கள் பலர். அது எங்கிருந்து வந்தது என்பது அநேகமாக மறந்துபோய்விட்டது.

2023 மார்ச்சில் நடந்தது திண்டுக்கல்லுக்கு இன்னும் பக்கம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவிலேயே வந்து மறுத்தார். ஒன்று வட மாநிலத் தொழிலாளர்களே தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பியது. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்பதை அந்தக் குழுவும் ஏற்றுக்கொண்டது.

வேடசந்தூர், வடமதுரை பக்கம் நூற்பாலைகளில் வேலை பார்க்கும் வட மாநிலத்தவருக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் போதும். மில்லுக்குள் எதுவும் நடக்கவில்லை. பக்கத்து டீக்கடையிலும் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி அழுகிறார். தன் கண்ணால் பார்ப்பதை நம்புவதா, அம்மா அனுப்பிய வீடியோவை நம்புவதா? ஹோலி நேரமும் சேர்ந்துகொண்டதால், மாநிலம் முழுக்க ரயில் நிலையங்களில் கூட்டம். பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று பிரிக்கவே முடியவில்லை. ஒரு மாநிலத்துக்காரன் இன்னொரு மாநிலத்தில் பயமில்லாமல் வேலை பார்க்கலாம் என்பது அரசமைப்பு தந்த உரிமை. அந்த வாரம் பலருக்கு அது காகிதத்தில் மட்டுமே இருந்தது. அதற்கு ஒரு அடிகூட விழ வேண்டியிருக்கவில்லை.

பிடிச்சு உள்ளே போட்டா தீருமா?

அரசுகளுக்கு முதலில் தோன்றுவது இதுதான். பீகார் வீடியோ விவகாரத்தில் யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதாகி, மதுரை மத்திய சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். தேசியப் பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் உயர் நீதிமன்றம் அந்தத் தடுப்புக் காவலை ரத்து செய்தது. வெளியே வந்தவர் 2024இல் பாஜகவில் சேர்ந்தார். பிறகு கட்சி மாறி 2025 பீகார் சட்டமன்றத் தேர்தலில் ஜன் சுராஜ் வேட்பாளராக நின்றார். தோற்றார் என்பது வேறு விஷயம். சிறைக்குப் போன பெயர், ஒரு கட்சியின் வேட்பாளர் பட்டியல் வரை வந்துவிட்டது.

மோகன் ஜி 2024 செப்டம்பர் 24 அன்று சென்னையில் கைது செய்யப்பட்டு, திருச்சிக்குக் கொண்டு போகப்பட்டார். அன்றே ஜாமீனில் வெளியே வந்தார். அன்று இரவு எல்லாச் செய்தி சேனல்களிலும் மாத்திரை விவகாரம்தான். பேட்டியைப் பார்க்காதவர்களுக்கும் அப்போது தெரிந்துவிட்டது. அடுத்து நடந்தது உருப்படியானது: முன்ஜாமீன் கேட்டுப் போன அவருக்கு, நாளிதழில் மன்னிப்புக் கேட்டு விளம்பரம் வெளியிட வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை போட்டது. சொன்னவரே “தப்பாகச் சொல்லிவிட்டேன்” என்று அச்சில் சொல்வது, நான்கு நாள் சிறையைவிட அந்த வதந்திக்குச் செய்யும் சேதம் அதிகம்.

அரசே ‘இது பொய்’ என்று முத்திரை குத்துவதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று முடிவு செய்ய ஓர் அமைப்பை உருவாக்க ஐடி விதிகளைத் திருத்தியது. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2024 செப்டம்பர் 20 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. திருப்பதி நெய் விவகாரம் வெடித்து இரண்டே நாளில் வந்த தீர்ப்பு. தமிழ்நாட்டின் தகவல் சரிபார்ப்பகம் 2023இல் தொடங்கப்பட்டது. அது பழனி விஷயத்தில் சொன்னது சரியான தகவல்தான். ஆனால் அதுவும் அரசின் அமைப்பே. ஆட்சிக்குச் சங்கடமான ஓர் உண்மை வெளிவரும்போது அது என்ன சொல்லும் என்ற கேள்வியை எதிர்க்கட்சிகள் எழுப்பினால், அதைத் தள்ளிவிட முடியாது. வழக்குத் தொடுக்கும் அதிகாரமும் எது பொய் என்று சொல்லும் அதிகாரமும் ஒரே கையில் இருப்பது, எந்தக் கட்சி ஆண்டாலும் நல்லதில்லை.

வேற என்ன செய்யலாம்?

மறுப்பு அறிக்கையைவிட, கேட்பதற்கு முன்பே திறந்து வைத்திருக்கும் கணக்கு வேகமாக வேலை செய்யும். ‘பழனிக்கு நெய் ஆவினிலிருந்து வருகிறது’ என்ற ஒரு வரித் தகவல், வதந்தி வந்த பிறகுதான் பெரும்பாலான பக்தர்களுக்குத் தெரிந்தது. எந்த மாதம் எத்தனை கிலோ வந்தது, எந்த ஆய்வகம் சோதித்தது, முடிவு என்ன என்பதைப் பஞ்சாமிர்தம் விற்கும் இடத்திலேயே ஒட்டி வைக்கலாம். கியூஆர் கோடாகவும் போடலாம். அப்போது குரூப்பில் சண்டை வந்தால் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும். நிஜமாகவே தரம் குறைந்தால் அதுவும் வெளியே தெரியும். அறநிலையத் துறைக்கு இதில் தயக்கம் இருக்கும் என்றால், அதற்குக் காரணம் இந்த இரண்டாவது விஷயமாகத்தான் இருக்கும்.

இன்னொரு வழி பீகாரிலிருந்தே வந்திருக்கிறது. 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கயா பகுதியில் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் வீடு வீடாகப் போய், போலிச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கும் சோதனை ஒன்றை நடத்தினார். பெரிய பலன் இல்லை. கட்சிப் பற்று ஆழமாக இருந்தவர்களில் ஒரு பகுதியினர், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யை முன்பைவிட அதிகமாகவே நம்பினார்கள். பிறகு அவரும் சக ஆய்வாளர்களும் அதே மாநிலத்தில் வேறு மாதிரி முயன்றார்கள். ஏறக்குறைய 13,500 பள்ளி மாணவர்கள் பங்கேற்ற ஆய்வு அது. கிராம நூலகங்களில், ஒரே நாளில் முடித்துவிடாமல் பல வாரங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். இந்த முறை, எது நம்பத்தக்கது என்று பிரித்துப் பார்ப்பதில் அந்தப் பிள்ளைகள் தெளிவாகத் தேறினார்கள். மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. வகுப்புக்கே வராத அவர்களுடைய அப்பா அம்மாவிடமும் மாற்றம் தெரிந்தது.