காரை மாத்துறதுக்கு முன்னாடி ஹோஸைப் பாருங்க

போன வாரம் சென்னையிலிருந்து அக்கா பையன் வந்திருந்தான். அவங்க அப்பா ஓட்டின 1997 மாடல் கார்புரேட்டர் கார்.

"சிக்னல்ல நின்னா குலுங்கி ஆஃப் ஆயிடுது மாமா. கார்புரேட்டரையே மாத்தணுமாம். இல்லேன்னா பழைய இரும்புக்குப் போடச் சொல்றார் மெக்கானிக்."

"ஓடும்போது எப்படிடா?"

"அறுபதுல நல்லாத்தான் போகுது."

இந்த ஒரு கேள்வியை அந்த மெக்கானிக் கேட்கவே இல்லை. என் கோபம் அதுதான். இலை மஞ்சளானா வேரைப் பார்க்காம யூரியா கொட்டச் சொல்ற கடைக்காரருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

ஐடிலில் குலுங்கி, வேகத்தில் சரியாகிவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றுக் கசிவு. ஐடிலில் இன்ஜினின் உறிஞ்சல் அதிகம், அதற்குத் தேவையான காற்றோ கொஞ்சம்தான். சின்ன விரிசல்கூட கலவையைக் கெடுத்துவிடும். மேடு ஏறும்போது திணறினால்தான் ஃபில்டர், பம்ப், ஜெட் என்று பெட்ரோல் வரத்தைப் பார்க்கணும்.

பிளக்கைக் கழற்றினோம். பழுப்பா இருக்க வேண்டிய முனை வெள்ளையா இருந்தது. சோக்கைக் கொஞ்சம் இழுத்தேன், குலுக்கல் அடங்கியது. பெட்ரோல் பத்தலை, காத்து ஜாஸ்தின்னு வண்டியே சொல்லிடுச்சு. ஹோஸை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தோம். பிரேக் பூஸ்டர் ஹோஸை மேனிஃபோல்ட் பக்கம் நசுக்கியதும் இன்ஜின் சீரானது. மறுமுனையில் விரிசல்.

"பிரேக் கட்டையா இருந்துச்சாடா?"

"ஆமா மாமா, அழுத்தி மிதிக்கணும். வயசான வண்டின்னு விட்டுட்டேன்."

கார்புரேட்டரை மாத்தி, மிக்சர் ஸ்க்ரூவைத் திருகிக் குலுக்கலை மறைச்சிருந்தா, அந்த பிரேக்கோடவே பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போயிருப்பான்.

உடனே எத்தனால் மேல பழி போடுவீங்க. நான் கரும்பு போடுறவன்தான், இருந்தாலும் உண்மையைச் சொல்றேன். எடைக்கணக்கில் 1 பங்கு பெட்ரோல் எரிய சுமார் 14.7 பங்கு காற்று வேணும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதம் கலந்தால் பழைய கார்புரேட்டருக்கு அதைச் சரிக்கட்டத் தெரியாது, கலவை கொஞ்சம் லீன் ஆகத்தான் செய்யும். பழைய ரப்பருக்கும் நல்லதில்லை. அதுக்காக விரிசல் விட்ட ஹோஸைப் பார்க்காம பங்க்கைத் திட்டினா பிரேக் சரியாயிடுமா?

அடுத்த தடவை பில் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க: பிளக்கைப் பார்த்தீங்களா, சோக்கை இழுத்தீங்களா, ஹோஸை நசுக்கினீங்களா? மூணுக்கும் பதில் இல்லேன்னா சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டு வாங்க.