வேலைநிறுத்தத்தின் விலையை யார் கொடுப்பது?

2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இழப்பு பெரும்பாலும் நிறுவனத்துக்கும் அவர்களுக்குமானது. 2018 ஜனவரியில், பொங்கல் நெருங்கிய வேளையில், அரசுப் பேருந்து ஊழியர்கள் எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோதோ பேச்சுவார்த்தையில் இடமே இல்லாத பயணிகள் தவித்தார்கள். ஆகவே அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யலாமே என்பார்கள். 2003இல் வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்நாடு அரசு ஊழியர்களைப் பணிநீக்கம் செய்தே பார்த்தாயிற்று, போராட்டங்கள் ஓயவில்லை. பயணியைப் பணயம் வைப்பது தவறுதான். ஆனால் 2016 ஆகஸ்டில் காலாவதியான பேருந்து ஊழியர்களின் ஊதிய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் 2018 வரை இழுத்தடித்ததும் அதே தவறின் மறுபாதி. உயர் நீதிமன்றம் நடுவரை நியமித்த பிறகே ஊழியர்கள் பணிக்குத் திரும்பினார்கள். தடை கேட்பவர்கள், ஒப்பந்தக் காலம் முடிந்த உடனே நடுவர் விசாரணை தொடங்கும் சட்டத்தையும் சேர்த்தே கேட்கட்டும்.