3,000 மணி நேர ஆர்ட்டிகிள்ஷிப்

'சோஷியல் ஒர்க்' என்றால் நம் ஊரில் ஒரு தனி அர்த்தம். ஆபீசில் யாருக்காவது கல்யாணம் என்றால் கவரைத் தூக்கிக்கொண்டு வசூலுக்கு வருபவர், தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மனு எழுதுபவர், ஆடி மாதக் கூழ் கமிட்டிக்குப் பொருளாளர் - இவர்களெல்லாம் சோஷியல் ஒர்க்கர்கள். சம்பளம் கிடையாது. சில சமயம் கணக்கும் கிடையாது.

அமெரிக்காவில் இது டாக்டர், வக்கீல் மாதிரி லைசென்ஸ் வாங்கிச் செய்கிற தொழில். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். என் அத்தை பையன் கலிஃபோர்னியாவில் இந்த லைசென்ஸை வாங்கியவன். எம்.காம். படித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் பில் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி அங்கே போய், கிரீன் கார்டு வந்த கையோடு, "எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போறேன், ஆன்லைன்ல" என்றான்.

அத்தை எனக்குப் போன் பண்ணி, "ஏண்டா, வீட்ல உக்காந்துக்கிட்டே சமூக சேவை பண்ண முடியுமா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பதில்: படிக்கலாம். பண்ண முடியாது.

எந்த டிகிரி முடித்தவரும் இந்தப் படிப்பில் சேரலாம். முழு நேரமாக என்றால் இரண்டு வருஷம். வேலை பார்த்துக்கொண்டே என்றால் மூன்று, நாலு கூட ஆகும். சாயங்காலம் வீடியோவில் வகுப்பு. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி - அந்த சௌகரியமெல்லாம் உண்டு. ஆனால் கல்லூரிக்கு சி.எஸ்.டபிள்யூ.இ. என்ற கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கவேண்டும். இல்லையென்றால் டிகிரியை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டலாம், லைசென்ஸ் வராது.

அந்தக் கவுன்சில் ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறது. மாணவன் குறைந்தது 900 மணி நேரம் ஏதாவது ஆஸ்பத்திரியிலோ, பள்ளிக்கூடத்திலோ, முதியோர் மையத்திலோ போய்ப் பயிற்சி எடுக்கவேண்டும். ஆன்லைன் படிப்புக்கும் இதே விதிதான். வாரம் 16 மணி நேரம் போனால் 56 வாரத்துக்கு மேல் இழுக்கும். பெரும்பாலும் காசு தரமாட்டார்கள்.

அங்கே இவன் கற்ற முதல் பாடம், வாயை மூடிக்கொண்டிருப்பது. ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் இவன், "நீங்க என்ன பண்ணணும்னா..." என்று தொடங்கியிருக்கிறான். மேற்பார்வையாளர் அம்மா பிறகு தனியே கூப்பிட்டு, "அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லையே" என்றாராம். யோசித்துப் பாருங்கள். டீக்கடையில் முன்பின் தெரியாதவருக்கு மூலத்துக்கு மருந்து சொல்லும் பரம்பரையில் வந்தவன்! அட்வைஸ் பண்ணாமல் அரை மணி நேரம் உட்காருவது என்றால் சும்மாவா?

டிகிரி வந்தாகிவிட்டது. லைசென்ஸ்? அவசரப்படாதீர்கள். சி.ஏ. படிப்பவர்களுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் மாதிரி, கலிஃபோர்னியாவில் 'அசோசியேட்' என்று பதிவு செய்துகொண்டு, லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை பார்க்கவேண்டும். நான் பி.காம். ஆச்சே, உடனே கணக்குப் போட்டேன். வாரம் 40 மணி என்றால் 75 வாரம். "ஒன்றரை வருஷத்தில முடிச்சிடலாமேடா" என்றேன். "முடியாது. குறைஞ்சது 104 வாரம் ஆகணும்னு விதி" என்றான். என்னை மாதிரி ஆசாமிகளை எதிர்பார்த்தே விதியை எழுதியிருக்கிறார்கள்.

பத்திரிகைக்காரன் புத்தி, கேஸ் ஏதாவது சொல்லேன் என்று கேட்டேன். மாட்டேன் என்றான். பேர் வேண்டாம், கதை மட்டும் என்றேன். அதுவும் கிடையாது. சட்டத்தை மட்டும் சொன்னான். ஒரு குழந்தை கொடுமைப்படுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் வந்தால் அங்கே இவர்கள் உடனே போன் பண்ணித் தெரிவிக்கவேண்டும். 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் தரவேண்டும். "மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்று ஃபைலை மேஜைக்கு மேஜை தள்ள முடியாது. தப்பினால் குற்றம். பில்லைப் பாஸ் பண்ணாமல் ஒரு வாரம் வைத்திருந்தால் வெண்டர் திட்டுவான், அவ்வளவுதான். இங்கே அந்த ஒரு வாரத்தில் ஒரு குழந்தைக்கு என்னவும் ஆகலாம்.

கடைசியில் பரீட்சைகள். மாநிலச் சட்டம், ஒழுக்க விதிகள் பற்றி ஒன்று. பிறகு தேசிய அளவிலான க்ளினிக்கல் பரீட்சை. 2024-ல் இவன் எழுதியபோது நாலு மணி நேரம், 170 கேள்வி. அதில் 20-க்கு மார்க் கிடையாது. எந்த இருபது என்று சொல்லமாட்டார்கள். பல கேள்விகள் 'முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற ரகம். நாலு பதிலும் நல்ல பதிலாகத் தெரியும். ஆனால் ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் அதைக் கவனித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இந்த வரிசை ரத்தத்தில் ஊறவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை மணி நேரமும்.

இனி பணம். 2021-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.எஸ்.டபிள்யூ. பற்றி எழுதியது. செலவு 1,15,000 டாலர். படித்துவிட்டு வந்தவர்களுக்குக் கடன் பெரிசு, சம்பளம் சின்னது. அமெரிக்க அரசுப் புள்ளிவிவரப்படி 2023 மே மாதம் சோஷியல் ஒர்க்கர்களில் பாதிப் பேரின் வருஷச் சம்பளம் 58,380 டாலருக்குக் கீழே. இரண்டு வருஷச் சம்பளத்தை அப்படியே கொடுத்தால்தான் கல்லூரிக் கணக்கு நேராகும். இவன் கெட்டிக்காரன், செலவு குறைந்த மாநிலப் பல்கலைக்கழகமாகப் பார்த்துச் சேர்ந்தான். லைசென்ஸில் எந்தக் கல்லூரி என்றெல்லாம் போடுவதில்லை.

அங்கே போய் இதைப் படிக்கும் யோசனை உள்ளவர்கள் ஃபீஸ் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். கவுன்சில் அங்கீகாரம் உண்டா? 900 மணி நேரப் பயிற்சிக்கு இடம் கல்லூரி பிடித்துத் தருமா, நானே அலையவேண்டுமா? நான் இருக்கும் மாநிலத்தின் லைசென்ஸுக்கு இந்த டிகிரி செல்லுமா? இங்கேயே எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டுப் போகிறவர்கள் அந்த டிகிரி அங்கே ஈடாகுமா என்று கவுன்சிலிடம் மதிப்பீடு வாங்கவேண்டியிருக்கும்.

மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். லுங்கி ஓ.கே. ஆனால் பேன்ட்டையும் இஸ்திரி போட்டு வையுங்கள். அந்த 3,900 மணி நேரத்துக்கு வெளியே போயாகவேண்டும்.