ஆணையா? ஆர்வமா?

புகை மண்டிய உலகைக் காக்கும் வழி எது? அரசின் ஆணையா, தனியாரின் ஆர்வமா? பட்டிமன்றத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து முழங்குவதற்கு ஏற்ற தலைப்புத்தான். ஆனால் தமிழகத்துக் காற்றாலைகளின் வரலாறு இரு அணிக்கும் வெற்றியை வழங்காமல், வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது.

1986ஆம் ஆண்டில் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகளை நிறுவிக் காட்டியது அரசுதான். காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று மெய்ப்பித்த பிறகே தனியார் முதல் வந்தது. அதற்கும் ஒரு தூண்டுகோல் தேவைப்பட்டது. இயந்திரத்தின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள 1990களில் வருமானவரி விதிகள் இடமளித்தன. நூற்பாலை முதலாளிகள் முன்வந்தனர். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் காடாய் எழுந்தன.

இங்கே ஒன்றை உன்னிப்பாக நோக்க வேண்டும். அந்தச் சலுகை இயந்திரத்தை நிறுவியதற்குக் கிடைத்ததே தவிர, அது தந்த யூனிட்டுகளுக்கு அன்று. தம் ஆலைக்கே மின்சாரம் எடுத்துக்கொண்டவர் இயந்திரத்தைப் பேணிக் காத்தார். வரிக்காக மட்டுமே நிறுவியவருக்கு அந்தக் கவலை ஏன்? இக்குறையைக் களையவே, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு வழங்கும் திட்டத்தை 2009இல் மத்திய அரசு அறிவித்தது.

2012இல் தேய்மானச் சலுகை குறைக்கப்பட்டது. யூனிட்டுக்கான ஊக்கத்தொகையும் நின்றது. விளைவு? 2011-12இல் நாடெங்கும் ஏறத்தாழ 3,200 மெகாவாட் அளவுக்கு நிறுவப்பட்ட புதிய காற்றாலைகள், அடுத்த ஆண்டில் 1,700 மெகாவாட்டாகச் சுருங்கின.

'தனியாரிடம் விட்டுவிடுங்கள், எல்லாம் நடக்கும்' என்பாருக்கும், 'அரசு ஆணையிட்டால் போதும்' என்பாருக்கும் இது விடை. தனியார் துறை, அரசு எதற்குக் காசு கொடுக்கிறதோ அதையே தரும். இயந்திரத்துக்குக் கொடுத்தால் இயந்திரம் வரும்; மின்சாரத்துக்குக் கொடுத்தால் மின்சாரம் வரும். கொடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தால், வருவதும் நின்றுவிடும்.

காற்று யார் வீட்டுச் சொத்தும் அன்று. அது நன்றாக வீசும் இடங்களில் இன்றும் பல, 1990களில் நிறுவிய சிறிய இயந்திரங்களின் பிடியில் உள்ளன. அவற்றின் இடத்தில் பெரியவை எழும் காலம் வந்துவிட்டது. அதற்கான சலுகைகள் பேசப்படும்போது, 'நிறுவுவதற்கா, விளைவிப்பதற்கா?' என்று கேட்க வேண்டியது, நாளை வரி கட்டப்போகும் மாணவர்களாகிய நம் கடமையாகும்.